தார் பாலைவனத்துக்கு வாங்கிய சாமான்கள்: கொள்ளிட மணலில் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி ஸ்டேஷனுக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அரிப்பு. வாய்க்கால் கரையையும் வரப்பையும் தவிர வேறு எதிலும் நடந்து பழகாத ஆள், ஜெய்சல்மர் பக்கம் குரி கிராமத்தைச் சுற்றி 5 நாள், நாளைக்கு 15 கிலோமீட்டர், முதுகுச் சுமையோடு நடப்பது என்று முடிவெடுத்து, பொங்கல் முடிந்த மறுவாரம் போயும் வந்தாயிற்று. என்ன வாங்குவது என்று தேடினால் கிடைத்ததெல்லாம் பனிமலைக்குப் போகிறவர்களுக்கான பட்டியல். அதை நம்பி நானும் கொஞ்சம் காசை விட்டேன், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒத்திகை. கும்பகோணத்துக்கு வடக்கே நீலத்தநல்லூர் பாலத்துக்குக் கீழே, சித்திரையில் கொள்ளிடம் எப்படிக் கிடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையில் 10 கிலோ பொன்னி அரிசியைத் திணித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்தேன். மாடு மேய்க்கிறவர் ஒருவர், அரிசியை எங்கே கடத்துகிறேன் என்று கேட்டார். ஆனால் அந்த மூன்று வாரம்தான் என் பணத்தைக் காப்பாற்றியது. கடையில் டைல்ஸ் தரையில் நாலு எட்டு நடந்து பார்த்தபோது அருமையாக இருந்த ஷூ, மணலில் கால் மணி நேரத்தில் அரைப்படி மணலை உள்ளே வாங்கிக்கொண்டது. மேல்பகுதி முழுக்க வலைத்துணி. காற்று போகும் என்று விற்பதும் அதைச் சொல்லித்தான், காற்று போகிற வழியில் பொடி மணலும் போகும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துணி நெருக்கமாக நெய்த, கணுக்கால் உயரத்துக்கு வருகிற ஒன்றை வாங்கினேன். வழக்கமான சைஸைவிட ஒன்று கூடுதல், அதுவும் சாயங்காலம் போய். நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும், காலையில் அளவெடுத்து வாங்கினால் மூன்றாம் நாள் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். 3,400 ரூபாய். ஐந்து நாளில் ஒரு கொப்புளம், அதுவும் நான் காலுறை மாற்றச் சோம்பல்பட்ட அன்று வந்தது. கொடுத்த காசு தகும்.

ஷூவின் வாயை மூட கெய்ட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். கணுக்காலைச் சுற்றி மாட்டுகிற துணி உறை, அவ்வளவுதான், 1,500 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். மனசு வரவில்லை. பழைய குடைத் துணியை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு தையல்காரரிடம் போனேன்.

"எதுக்குத் தம்பி காலுக்குச் சட்டை?"

"மணல் புகாம இருக்கண்ணே."

"அப்ப ஆத்துல நடக்காம ரோட்டுல நடந்தா ஆச்சு."

சிரித்தாரே தவிர, ஷூவை வாங்கி வைத்துக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒட்டுப்பட்டை வைத்து, மேலே நாடா கோர்த்து மறுநாள் கொடுத்தார். 180 ரூபாய். மொத்தப் பயணத்திலும் உருப்படியான செலவு இதுதான். மணலுக்கு மட்டுமில்லை, அங்கே ஒரு புல் இருக்கிறது, நம் ஊர் ஒட்டுப்புல்லுக்கு அண்ணன் மாதிரி, குட்டி முள்ளுருண்டை காலுறையில் ஏறினால் விரலைக் குத்திக்கொண்டுதான் பிடுங்க வேண்டும். குடைத் துணியில் அது நிற்கவே இல்லை. நாடாதான் அடிக்கடி அவிழ்ந்தது.

ஏமாந்த கதை தண்ணீர்ப் பை. முதுகில் வைத்துக்கொண்டு குழாயில் உறிஞ்சுகிற 2 லிட்டர் பை, இணையத்தில் வாங்கியது, கம்பெனி பெயர் வேண்டாம். முதல் நாளிலிருந்தே ரப்பர் வாடை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் கடிக்கிற முனையில் மணல் மாட்டி மூடாமல் போய், சொட்டுச் சொட்டாக ஒழுகி, நான் கவனிக்கும்போது என் முதுகும் பையின் அடியும் நனைந்து ஒரு லிட்டருக்கு மேல் போய்விட்டிருந்தது. மழைநீரைத் தரைக்கடியில் தொட்டி கட்டித் தேக்கிவைத்துப் புழங்குகிற ஊரில், தாங்கா என்பார்கள் அந்தத் தொட்டியை, தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொண்டு போய் நின்றேன். காவிரிக்கரைக்காரன் புத்தி என்று வழிகாட்டியாக வந்த பெரியவருக்குத் தெரியாதது நல்லது. குடித்துத் தூக்கிப்போடுகிற சாதாரண ஒரு லிட்டர் பாட்டில் நாலு போதும். எடை கிடையாது, ஒன்று ஓட்டையானாலும் மூன்று மிஞ்சும்.

முதுகுப்பை 50 லிட்டர். இடுப்புப் பட்டை தடிமனாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சுமை இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. 4 லிட்டர் தண்ணீர் என்றாலே 4 கிலோ, சாப்பாடு மூன்றரை, மற்றதெல்லாம் 5. பன்னிரண்டரை கிலோவைத் தோளில் தொங்கவிட்டால் இரண்டாம் நாளே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக் உறையில் 5 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பினேன். உள்ளே தைத்திருந்த சின்னச் சீட்டில் சுகமாகத் தூங்க ஒன்று, தாங்குகிற எல்லை ஒன்று என்று இரண்டு கணக்கு இருந்தது, 5 என்பது இரண்டாவது. மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற நமக்கு முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பகலில் சட்டை நனையும், ராத்திரி பல் தந்தியடிக்கும். கடைசியில் எட்டு முழ வேட்டியை மடித்து உள்ளே சுற்றிக்கொண்டு படுத்தேன். தலைக்கும் அப்படித்தான், கழுத்திலும் முகத்திலும் மாட்டுகிற குழாய்த் துணியைவிட ஈரிழைத் துண்டு பத்து மடங்கு மேல். நனைத்துக் கட்டலாம், வியர்வை துடைக்கலாம், ராத்திரி காதை மூடலாம்.

இனி சாப்பாடு. ரயிலில் கேஸ் குப்பி கொண்டுபோகக் கூடாது என்பதால் அடுப்பே இல்லாமல் போவது என்று திட்டம். பச்சைத் தண்ணீரில் ஊறுவது எது என்று யோசித்தால் நமக்கு அவலைவிட வேறென்ன? இங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் ஆசையாக வாங்கிய மாப்பிள்ளைச் சம்பா அவல், ருசியில் குறை இல்லை, ஆனால் கெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரமானாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும். மெல்லிசு வெள்ளை அவல் பத்தே நிமிஷம். காலைக்கு வெள்ளை, ராத்திரி சாவகாசமாகச் சாப்பிடச் சிவப்பு என்று பிரித்துக்கொண்டேன். வெல்லம், வறுத்த வேர்க்கடலை தூக்கலாக. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4தான், ஆகவே தூக்குகிற எடைக்குக் கடலைதான் லாபம்.

பொரிவிளங்காய் உருண்டையை அப்பாயி பிடித்துக் கொடுத்தது. பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து அரைத்து, சுக்கு ஏலக்காய் போட்டு, வெல்லப் பாகில். "பல்லு இருக்கிறவனுக்குத்தான்டா இது" என்று எச்சரித்தே கொடுத்தது. அங்கத்திய விடியற்குளிரில் அது கருங்கல். டம்ளர் அடியால் தட்டி உடைத்து, ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் அரை மணி நேரம் நடக்கலாம். ஐந்து நாளும் கெடவில்லை, உதிரவில்லை. கூடவே வாங்கிய சாக்லேட் எனர்ஜி பார் மத்தியானத்தில் உருகிக் காகிதத்தோடு ஒட்டி, நக்கித்தான் சாப்பிட்டேன், ஒன்று 60 ரூபாய்.

உப்புக்கு ஓஆர்எஸ், மருந்துக்கடையில் 21 கிராம் பொட்டலம், ஒரு லிட்டருக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள், அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானம் வேறு. ஆனால் நாக்கு செத்துப்போகிற மத்தியானங்களில் காப்பாற்றியது உப்பு நார்த்தங்காய்தான். ஒரு கேஜ்ரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பெரியவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். கேஜ்ரி என்றால் வேறொன்றுமில்லை, நம்ம வன்னி மரம், கும்பேஸ்வரர் கோவில் தல விருட்சம். முகத்தைச் சுளித்தார், துப்பப் போகிறார் என்று பார்த்தால் இன்னொன்று கேட்டார். பதிலுக்கு அவர் மூட்டையிலிருந்து கம்பு ரொட்டி வந்தது. அதற்கப்புறம் நார்த்தங்காய் டப்பா என்னிடம் இல்லை.

அடுத்த தையில் இன்னொரு சுற்று போவதாக இருக்கிறேன். தையல்காரர் அண்ணனிடம் சொல்லியாயிற்று, இந்த முறை நாடா வேண்டாம், எலாஸ்டிக் வைத்துக் கொடுங்கள் என்று. 200 ரூபாய் ஆகும் என்கிறார்.