உரையைக் கேட்டுவிட்டு மலை ஏறுங்கள்

திருச்சியில் நான் சந்தா கட்டும் கலை வட்டத்தின் ஏற்பாடு எளிமையானது. இரண்டாம் சனிக்கிழமை மாலை ஒரு பள்ளிக்கூட அரங்கில் உரை. எந்த இடத்தைப் பற்றிப் பேசினார்களோ அங்கேயே அடுத்த ஞாயிறு மரபு நடை. பேசியவரே பேருந்தில் கூட வருவார். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது கட்டுப்படியாகிற செலவுதான்.

சித்தன்னவாசல் போனபோது என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் உரைக்கு வரவில்லை. பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்து மேலே கூரை ஓவியத்தைப் பார்த்தவர், “என்ன, காரை உதிர்ந்து கிடக்கு, அவ்வளவுதானா?” என்று வெளியே வந்து நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓவியம் அவ்வளவு மங்கியிருக்கிறது. ஆனால் உரையில் திரையில் காட்டி எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அதனால் கண் இருட்டுக்குப் பழகியதும் பச்சைத் திட்டு தாமரை இலையானது. அதற்கிடையே மீன், வாத்து, அப்புறம் எருமை, யானை. பூப்பறிக்கும் மூன்று ஆண்களில் ஒருவர் உடம்பு மட்டும் செம்மஞ்சள். தூணில் ஆடும் பெண்ணின் கை வளைவைத் தேடிப் பிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. வெளிப்பாறையில் இருக்கும் கல்வெட்டு, பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததைச் சொல்கிறது. அதையும் பேச்சாளர் நின்று நிதானமாக வாசித்துக் காட்டினார். மலைமேல் ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளுக்கு ஏறும்போது மூட்டு வலிக்காரர்களுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தியதும் நல்ல காரியம்.

குடுமியான்மலை உரை இதைவிட நன்றாக இருந்தது. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டுதான் பேச்சு. வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகக் கட்டம் கட்டி வெட்டியிருக்கிறார்கள். ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து ஒலி மாறி வருகிறது. கூட்டத்தில் ஒருவர், “பாடிக் காட்டுங்க சார்” என்றார். வந்திருந்த இசை ஆசிரியர், இதை எப்படிப் பாடினார்கள் என்பதில் அறிஞர்களுக்கே ஒத்த கருத்து இல்லை, நான் பாடினால் அது என் கற்பனையாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அந்த ஒரு பதிலுக்கே சந்தாக் காசு சரியாகிவிட்டது.

குறைகள் உண்டு. ஆறு மணி உரை ஆறே முக்காலுக்குத்தான் தொடங்கும். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அதற்கு ஒரு போட்டோ. கடைசியில் கேள்வி நேரத்தைத்தான் வெட்டுகிறார்கள். போகிற இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பதில்லை. புளியோதரைப் பொட்டலம் பரவாயில்லை, தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் கிடையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நடுவில் செய்த மாற்றம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பேருந்து நிரம்ப வேண்டும் என்று உரைக்கு வராதவர்களையும் நடைக்குச் சேர்க்கிறார்கள். உரை ஒரு பக்கம், நடை ஒரு பக்கம். ஒரு மாதம் அஜந்தாவைப் பற்றி அருமையாகப் பேசிவிட்டு, அடுத்த ஞாயிறு தஞ்சாவூர் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு மூலையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். அப்படியென்றால் சுற்றுலா வண்டியே போதுமே, சந்தா எதற்கு?

அடுத்து நார்த்தாமலை என்று அறிவித்திருக்கிறார்கள். அங்குள்ள சிவன் கோயிலான விஜயாலய சோழீச்சரத்துக் கருவறை வட்டமானது, கோயில் மேற்குப் பார்த்தது. முதலில் கட்டியது மழையில் இடிந்து மறுபடி எடுத்தது என்று கல்வெட்டே சொல்கிறது. சொல்ல எவ்வளவோ இருக்கிற இடம், பழையபடி உரையோடு சேர்த்தே வையுங்கள் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சேர நினைப்பவர்கள் அந்த உரைக்கு வந்து பார்த்துவிட்டுச் சந்தா கட்டலாம். நடையை மட்டும் தை, மாசிக்குள் வைத்துவிட வேண்டும். பங்குனி பிறந்தால் அந்தப் பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது.