மதர்போட் போய்விட்டது என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஒட்டுசுட்டான், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதர்போட் என்றால் லப்டொப்பின் உள்ளே மற்ற உறுப்பெல்லாம் பூட்டியிருக்கிற தாய்ப் பலகை. அது போய்விட்டது என்று சொல்லி என்னிடம் காசு வாங்கிய திருத்தும் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடையோடு கதை முடிந்துவிடும்.

என்னுடையது டெல், 2016ஆம் ஆண்டு மொடல். 2019இல் வவுனியாவில் பாவித்ததாக வாங்கினேன். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தபோது சூமில் பாடம் எடுத்ததும், 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலத்தில் பற்றரி சாகச் சாக வினாத்தாள் அடித்ததும் இதில்தான். வயது போன சாமான். போன கார்த்திகை மழையோடு முரண்டு பிடிக்கத் தொடங்கியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். நாலைந்து தரம் நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஒரு தரம் வரும். வந்துவிட்டால் பின்னேரம் வரை ஒரு குறையும் இல்லை. சில நாளில் திகதி பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும், இணையப் பக்கம் ஒன்றும் திறக்காது. வராத நேரங்களில் சின்ன விளக்கு ஒன்று செம்மஞ்சளும் வெள்ளையுமாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கடையில் இருந்த பெடியன் நல்ல மரியாதை. "இருங்கோ ரீச்சர்" என்று கதிரை இழுத்துப் போட்டான். பொத்தானை ஒருக்கால் அழுத்தினான்.

"மதர்போட் போட்டுது ரீச்சர். கொழும்பில இருந்து எடுக்கோணும். முப்பத்தாறு முடியும்."

"திறந்து பார்க்காமல் எப்பிடித் தம்பி சொல்லுறீங்கள்?"

"இந்த மொடலுக்கு வாற வருத்தம் உதுதான்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னான் என்றால், நானும் தலையாட்டிவிட்டேன். பில் கேட்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் போன் நம்பர் எழுதித் தந்தான், அதுதான் எனக்குப் பற்றுச்சீட்டு. பாஸ்வேர்டையும் கேட்டான், எழுதிக் கொடுத்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கே கோபம் வருகிறது. பிள்ளைகளின் புள்ளிகள், வீட்டுப் படங்கள், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அதற்குள்தான். வின்டோஸ் வருவதற்கு முன்னமே திரை கறுப்பாக நிற்கிற பிழைக்கு பாஸ்வேர்ட் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

ஒன்பது நாள் இழுத்தடித்தான். ஒரு தரம் சாமான் வவுனியாவில் நிற்கிறது, இன்னொரு தரம் லொறி வரவில்லை. கடைசியில் 36,000 ரூபா எண்ணிக் கொடுத்து வாங்கி வந்தேன். நாலு நாள் ஒழுங்காக எழும்பியது. ஐந்தாம் நாள் காலை அதே கறுப்புத் திரை, அதே விளக்கு. போன் எடுத்தால், "மாரி ஈரம் ரீச்சர், கொஞ்சம் வெயில்ல வையுங்கோ" என்கிறான்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் பெறாமகன் லீவில் வந்திருந்தான். பாயை விரித்து, கீழ் மூடியைக் கழற்றிய கையோடு கேட்டான், "சித்தி, உதில மதர்போட் மாத்தினது எண்டு ஆர் சொன்னது?"

எங்கள் ஒழுங்கை கிரவல் ரோட். விசிறியின் வாயில் செம்மண் தூசி பஞ்சு மாதிரித் திரண்டிருந்தது. விசிறியை மாற்றவில்லைத்தானே, அது கிடக்கட்டும். ஆனால் போட்டின் மேலும் அதே செம்மண், விரல் வைத்தால் தடம் விழுகிற அளவுக்கு. அதைவிட இன்னொன்று. நெட்வேர்க் வயர் குத்துகிற துளையை நான் ஒருநாளும் பாவித்ததில்லை. அதற்குள் குளவி ஒன்று எப்போதோ மண் அடைத்துக் கூடு வைத்திருந்தது. அந்தத் துளை மதர்போட்டோடு சேர்த்து ஈயம் வைத்த பகுதி. போட் மாறியிருந்தால் கூடும் போயிருக்க வேண்டும். கூடு அச்சுக் குலையாமல் இருந்தது!

வாங்கும்போது ரேம் என்கிற, கழற்றிப் பூட்டுகிற நினைவகத் துண்டு 4 ஜிபியில் இரண்டு இருந்தது, 2019 பில்லில் எழுதியிருக்கிறது. இப்போது ஒன்றுதான். ஒன்றைக் கடைப் பெடியன் கழற்றி எடுத்திருக்கிறான். மற்றதைக் கழற்றித் திருப்பிப் பூட்டிய அசைவில்தான் அந்த நாலு நாளும் வேலை செய்திருக்கிறது.

பிறகு விளக்கை எண்ணினோம். செம்மஞ்சள் 2, வெள்ளை 3. அந்தக் காலத்து டெல்களில் இதற்கு ரேம் அகப்படவில்லை என்று அர்த்தம். 3உம் 1உமாகச் சிமிட்டினால் உள்ளே இருக்கிற வட்டப் பற்றரி. கம்பனிக்குக் கம்பனி இந்தக் கணக்கு வேறு, ஆனால் மெசின் தன் வருத்தத்தைத் தானே சொல்லத்தான் பார்க்கிறது.

பெறாமகன் சார்ஜரைக் கழற்றி, பற்றரி வயரையும் பிடுங்கி, பவர் பொத்தானை 30 செக்கன் அமத்திப் பிடித்தான், மிச்சக் கரண்ட் வடியட்டும் என்று. ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தான். றப்பர் கறுத்தது. ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்த அழுக்கு. காய்ந்த துணியால் துடைத்து மற்றத் துளையில் பூட்டினான். திகதி பின்னுக்குப் போனதற்கு அந்த வட்டப் பற்றரிதான் காரணம், 3 வோல்ற் சிஆர்2032, சின்ன வயர் பிடித்தது. 450 ரூபாவுக்கு வாங்கிப் போட்டோம். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம். இரண்டு மாதமாக ஒரு காலையும் தவறாமல் எழும்புகிறது.

மதர்போட் உண்மையாகவே போவதும் உண்டு, எங்கள் பக்கத்து மின்னலுக்கும் கரண்ட் ஏறி இறங்குவதற்கும் அது பெரிய விஷயம் இல்லை. அப்படி மாற்றினால் கழற்றின பழைய போட்டைக் கையில் தரச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ரேம், டிஸ்க் இரண்டின் லேபிளையும் கடைக்காரரின் முன்னாலேயே போனில் படம் எடுங்கள். நேர்மையான ஆள் அதற்குக் கோபிக்கமாட்டார்.

நான் திரும்பப் போய்க் கேட்டேன், "பழைய போட் எங்க தம்பி?"

"கொழும்புக்கு அனுப்பிட்டம்."

குளவிக் கூட்டின் படத்தைக் காட்டினேன். ரீச்சர் போய் அக்கா ஆகிவிட்டேன். "சேர்விஸ் சார்ஜ் இருக்குத்தானே அக்கா." பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977க்கு, இப்போதே அடிக்கிறேன் என்று போனை எடுத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும். நான் கேட்கவே இல்லை என்பது எனக்கும் அவனுக்கும் தெரியும். இருந்தும் லாச்சியைத் திறந்து 15,000 எடுத்து வைத்தான்.

ரேம் இன்னும் வரவில்லை. குளவிக் கூட்டைச் சுரண்டி எறியச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். முறைப்பாடு எழுதிக் கொடுக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.