மாமல்லபுரமா, தஞ்சாவூரா, கீழடியா: ஹோம்ஸ்கூலிங் பிள்ளைகளை முதலில் எங்கே அழைத்துப்போவது?

வீட்டிலேயே பாடம் நடத்தும் பெற்றோர் பலர் வரலாற்றுப் பயணத்தைக் கால வரிசைப்படி வகுக்கிறார்கள்: முதலில் கீழடி, அடுத்து மாமல்லபுரம், கடைசியில் தஞ்சாவூர். காகிதத்தில் இது சரிதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒத்துவராது. முழுசாக நிற்பதைப் பார்த்துப் பழகிய பிறகுதான் உடைந்து கிடப்பதை மனத்தில் ஒட்டவைக்க முடியும். அதனால் கீழடியைக் கடைசியில் வையுங்கள்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் யோசிக்காமல் மாமல்லபுரம். கல்லை எப்படிக் குடைந்தார்கள் என்பதை அங்கே கல்லே காட்டிக்கொடுக்கிறது. ஐந்து ரதங்களில் கல்லுக்குக் கல் இணைப்பைத் தேடச் சொல்லுங்கள், கிடைக்காது. பாறையை அப்படியே செதுக்கியவை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலக் கடற்கரைக் கோயிலில் தேடினால் வரிசை வரிசையாகத் தெரியும். அது வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. உப்புக் காற்றில் அதன் சிற்பங்கள் மழுங்கியிருப்பதையும் ரதங்களோடு ஒப்பிடலாம். பலரும் தவறவிடுவது ஊரின் மேற்கே இருக்கும் பிடாரி ரதங்களை. மேல்பகுதி முடிந்திருக்கும், அடிப்பகுதி வெறும் பாறை. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதை நாம் சொல்லவே வேண்டாம். பாறைகளில் ஆப்பு அடித்துப் பிளக்கப் போட்ட துளை வரிசைகளையும் தேடச் சொல்லுங்கள்.

கடற்கரைக் கோயிலைக் கடைசியில் வையுங்கள். கடலைப் பார்த்த பிள்ளை பிறகு கல்லைப் பார்க்காது. வெயில் ஏறுமுன் ரதங்களை முடித்துவிட வேண்டும். 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கரியும் தாளும் வைத்துச் சிற்பத்தைத் தேய்த்துப் படியெடுக்க விடாதீர்கள், பென்சிலால் வரையட்டும்.

தஞ்சைப் பெரிய கோயில், தமிழைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளைக்கு. 1010-இல் முடிந்த இதன் விமானத்தின், அதாவது கருவறைக் கோபுரத்தின், அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள். பிள்ளைகள் திணறுவதற்குக் காரணங்கள் தெளிவானவை: புள்ளி இருக்காது, சொல்லிடைவெளி இருக்காது, துணைக்காலும் (ா) 'ர'வும் ஒன்றுபோலத் தெரியும், வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். ஒரு வரி முழுக்கப் படிக்கச் சொல்லாமல், 'உடையார்' என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், போதும். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4-க்கு மேல் போங்கள். சாய்வெயிலில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும், வெறுங்காலும் சுடும்.

கீழடிக்கு வீட்டுத் தயாரிப்பு இல்லாமல் போகவே கூடாது. ஆய்ந்து பதிவுசெய்த அகழாய்வுக் குழிகளைப் பெரும்பாலும் மண்போட்டு மூடிவிடுவார்கள். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளும் மணிகளும் கண்ணாடிக்குள் இருக்கும். தயாராகாத பிள்ளை அரை மணியில் “போலாமா?” என்று கேட்கும். முந்தைய வாரம் வெவ்வேறு அளவில் மூன்று மண்பானைகளை உடைத்துக் கலந்து, பாதி ஓடுகளை எடுத்து ஒளித்துவிடுங்கள். எத்தனை பானை என்று விளிம்புத் துண்டுகளை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். கருப்பு-சிவப்பு ஓடு ஏன் உள்ளே கறுத்திருக்கிறது என்பதையும் பேசிவிடுங்கள்: கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகவில்லை. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியைத்தான் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 என்றது. அந்த அளவை டேப்பால் சுவரில் அளந்தால் பல வீடுகளில் கூரையைத் தாண்டிவிடும். ஆழம் என்றால் என்ன என்பது அப்போது பிடிபடும்.

சின்னதும் பெரியதுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால் மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கி.மீ. தள்ளியிருக்கும் சாளுவன்குப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை அங்கே தோண்டி எடுத்த முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் திறந்தவெளியிலேயே இருக்கிறது. மூத்தது செங்கல் வரிசைகளை அளந்து குறிக்கட்டும். இளையது பக்கத்திலேயே இருக்கும் புலிக்குகையில் யாளித் தலைகளை எண்ணட்டும்.