வேறு சர்வருக்கு மாறும்போது: டம்ப்பா, கோப்பு நகலா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் புது சர்வரில் எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. பிஜி டம்ப் கருவியால் தரவை மீண்டும் கட்டுவதற்கான வடிவில் வெளியே எடுத்து (இதுதான் டம்ப்), பிஜி ரெஸ்டோர் கருவியால் ஏற்றுவது ஒன்று; பிஜி பேஸ்பேக்கப் மூலம் தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது மற்றொன்று.

நகலின் வேகத்துக்கு டம்ப் ஈடாகாது. கோப்புகள் போய்ச் சேரும் நேரம்தான் செலவு. பயனர்கள், கடவுச்சொற்கள், இன்டெக்ஸ்கள் (விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்கள்) எல்லாம் கூடவே வந்துவிடும். புது சர்வர் பழையதன் அச்சாக இருந்தால் நானும் நகலையே எடுப்பேன்.

அச்சாக இல்லாவிட்டால்? முதன்மைப் பதிப்பு வேறானால் தரவுத்தளம் எழவே எழாது. போஸ்ட்கிரெஸ் 13இன் கோப்புகளை 16 ஏற்காது. அது நல்லது, தவறு உடனே தெரிந்துவிடுகிறது. நான் அஞ்சுவது ஓசையில்லாத கேட்டுக்கு. எழுத்துகளின் வரிசை விதியை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகத்திடமிருந்து வாங்குகிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதியை வெகுவாக மாற்றியது. லினக்ஸ் வகைகளில் சென்டோஸ் 7இல் இருப்பது 2.17, டெபியன் 10இல் 2.28. அமெரிக்க ஆங்கில விதிப்படி, பழையதில் "11" என்ற கதவு எண் "1-1"க்கு முன்னால் நிற்கும், புதியதில் பின்னால். பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் புதிய விதிப்படி தேடினால், அட்டவணையில் இருக்கும் பதிவே இல்லை என்று பதில் வரலாம். யூனிக் கட்டுப்பாட்டையும் மீறி ஒரே மதிப்பு இருமுறை நுழையலாம். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் இப்படிக் கெடுவதைவிட, ஓர் இரவு முழுக்க ரெஸ்டோர் ஓடுவது எவ்வளவோ மேல்.

டம்ப்பில் இந்த ஆபத்து இல்லை. இன்டெக்ஸ்கள் புது சர்வரிலேயே, அதன் விதிப்படி, புதிதாகக் கட்டப்படுகின்றன. நேரம் கரைவதும் அங்கேதான். டைரக்டரி வடிவில் (ஒரே கோப்பாக அன்றி பல கோப்புகளாக) எடுத்தால், எடுப்பதையும் மீட்பதையும் பல பணிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டலாம். டம்ப்பை இலக்கு சர்வரின் பதிப்புக்குரிய கருவியால் எடுங்கள். பயனர் கணக்குகள் அதில் வராது. பிஜி டம்ப்ஆல் மூலம் தனியே எடுத்து முதலில் ஏற்ற வேண்டும். மீட்டு முடித்ததும், தரவின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையைக் கொடுங்கள். இல்லையென்றால் வினவல்கள் முதல் நாளே திணறும்.

ஏற்கெனவே ஜிலிப்சி மாறிய சர்வருக்கு நகல் எடுத்துவிட்டவர்கள், அடுத்த பதிவு உள்ளே போவதற்குள், இன்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டும் ரீஇன்டெக்ஸ் கட்டளையை ஓட்டிவிடுங்கள். யூனிக் பிழை காட்டி அது நின்றால், இரட்டைப் பதிவுகள் ஏற்கெனவே நுழைந்துவிட்டன.