35 லிட்டர் மின்சார ப்ரூயிங் கெட்டில்: எண்கள் சொன்னபடி வருமா?

வீட்டில் பீர் காய்ச்சுகிற நாள் நன்றாகப் போனதா என்று பார்க்க மூன்று எண்கள் போதும். நொதிக்கவைக்கும் பாத்திரமான ஃபெர்மெண்டருக்குள் எத்தனை லிட்டர் போனது, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது, ஈஸ்ட் போடும்போது வோர்ட், அதாவது பீராக நொதிக்கப்போகும் இனிப்புச் சாறு, எத்தனை டிகிரியில் இருந்தது. மூன்றும் எழுதி வைத்தபடியே வந்துவிட்டால் அந்தத் திருப்தியே தனி. மேஷ் (மால்ட் எனும் முளைகட்டிக் காயவைத்த தானியத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைப்பது), கொதி, ஆறவைத்தல் எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் பாத்திரத்தில் முடிக்கும் மின்சார கெட்டில்களை வாங்குபவர்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். கிரெயின்ஃபாதர், ப்ரூஜில்லா என்று பெயர்கள் பல. அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. அடியில் ஹீட்டர், அதற்குக் கீழே பம்ப், உள்ளே மால்ட் போடும் துளைக்கூடை, பக்கத்தில் கன்ட்ரோலர். இங்கே பேசுவது 35 லிட்டர், 2400 வாட் வகையை.

முதலில் பாராட்ட வேண்டியது, தண்ணீர்க் கணக்கு மாறாமல் இருப்பதை. பாத்திரத்தின் அளவும் ஹீட்டரின் திறனும் மாறாததால், ஒரு முறை பிடிபட்ட கணக்கு அடுத்த முறையும் அப்படியே நிற்கும். 5 கிலோ பேல் மால்ட், 300 கிராம் கிரிஸ்டல் மால்ட் என்று வைத்துக்கொள்வோம். மேஷ் தண்ணீருக்கு, மால்ட்டின் கிலோவை 2.7 ஆல் பெருக்கி 3.5 கூட்டினால் சுமார் 17.8 லிட்டர். அந்த 3.5 லிட்டர், கூடைக்குக் கீழே மால்ட்டைத் தொடாமல் நிற்கும் தண்ணீர். கொதிக்கு முன் 28 லிட்டர் வேண்டும். கிலோவுக்கு 0.8 லிட்டரை மால்ட்டே குடித்துவிடும் என்பதால் கழுவி ஊற்ற, அதாவது ஸ்பார்ஜுக்கு, 14.4 லிட்டர். ஒரு மணி நேரக் கொதியில் 3 லிட்டர் ஆவியாகும், அடியில் கசடோடு 2 லிட்டர் நிற்கும், 23 லிட்டர் கையில் வரும். மால்ட்டிலிருந்து 72 சதவீதம் சர்க்கரை இறங்கினால் கொதிக்கு முன் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.042, முடிவில் 1.047. ஹைட்ரோமீட்டரில் பார்ப்பதாக இருந்தால் மாதிரியை 20 டிகிரிக்கு ஆறவைத்துவிட்டுப் பாருங்கள். சூடாகப் பார்த்தால் எண் குறைவாகத்தான் காட்டும், வீணாகப் பதறுவீர்கள்.

தண்ணீரை 72 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். டைமர் இருக்கிறது, முந்தைய இரவே தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் தயாராக இருக்கும். 72 டிகிரித் தண்ணீரில் அறைச்சூட்டு மால்ட்டைக் கொட்டிக் கலக்கினால் 66 டிகிரியில் நிற்கும். கொட்டும்போது, கூடையின் நடுவில் நிற்கும் வழிந்தோடு குழாயின் வாயை மூடி வையுங்கள். அதற்குள் விழும் ஒவ்வொரு மணியும் நேரே பம்புக்குத்தான் போகும்.

இந்தக் கருவியின் பெரிய பலவீனம் வெப்பமானி. சென்சார் அடித்தட்டில், ஹீட்டரை ஒட்டி இருக்கிறது. திரை 66 என்று காட்டும்போது கூடையின் மேற்பகுதியில் 62 தான் இருக்கலாம். இந்த நான்கு டிகிரி சின்ன விஷயமில்லை. குறைந்த சூட்டில் எளிதில் நொதிக்கும் சர்க்கரை அதிகமாகும், பீர் எதிர்பார்த்ததைவிட வறட்டுச் சுவையாக முடியும். ஒரு நீள முனை டிஜிட்டல் வெப்பமானியை மால்ட்டின் நடுவில் குத்தி, அது காட்டுவதை மட்டும் நம்புங்கள். கன்ட்ரோலரை ஓரிரு டிகிரி கூட்டி வைப்பதும், பாத்திரத்தைச் சுற்றி வெப்பக்காப்பு உறை போடுவதும் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும். உறையைத் தனியாக விற்கிறார்கள் என்பது எரிச்சல்தான். என் கணக்கில் அது உதிரி இல்லை, கருவியின் பாகம். புளூடூத்துக்கும் செயலிக்கும் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தை இதில் போடலாம்.

அடுத்தது, வோர்ட்டை அடியிலிருந்து இழுத்து மால்ட்டின் மேலே ஊற்றும் பம்ப். கலக்கியவுடன் பம்பைப் போடக் கூடாது. பத்து நிமிடம் விட்டால் மால்ட் படிந்து தானே வடிகட்டியாகும். பிறகு வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து ஓட்ட வேண்டும். முழுவேகத்தில் இழுத்தால் மால்ட் படுக்கை இறுகிவிடும். மேலே ஊற்றும் வோர்ட் உள்ளே இறங்காமல் நடுக்குழாய் வழியே கீழே ஓடும். பார்ப்பதற்குச் சுழற்சி நடப்பதுபோல் இருக்கும், ஆனால் மால்ட்டுக்குள் எதுவும் போகாது. கிராவிட்டி 1.035 என்று வந்து நிற்பதற்கு இது அடிக்கடி காரணம். மால்ட்டை மாவாக அரைத்திருந்தாலும் இதே கதை. மில் இடைவெளி 1.1 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் உமி கிழியாமல் பருப்பு மட்டும் உடையும். கோதுமை மால்ட்டுக்கு உமி கிடையாது. அது கணிசமாகச் சேரும் ரெசிபிகளில் நூறு, இருநூறு கிராம் நெல் உமியைக் கழுவிக் கலந்துகொண்டால் வடிகால் தடைபடாது.

ஒரு மணி நேரம் கழித்து 75 டிகிரிக்கு ஏற்றி, கூடையைத் தூக்க வேண்டும். நனைந்த மால்ட் பத்து கிலோவைத் தாண்டும், சூடாகச் சொட்டும். கூடையின் கால்கள் எல்லாம் வளையத்தில் உட்கார்ந்தனவா என்று பார்த்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். உயரமான மேசையில் கெட்டிலை வைத்துத் தூக்க நினைக்காதீர்கள். முழங்கால் உயரம் சரி, அல்லது மேலே ஒரு கப்பி. ஸ்பார்ஜ் தண்ணீர் 75 டிகிரி போதும். அதைவிட ரொம்பச் சூடாக ஊற்றினால் உமியின் துவர்ப்பு இறங்கும்.

வோர்ட் வடிந்துகொண்டிருக்கும்போதே ஹீட்டரைப் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு முன் நீளக் கரண்டியால் அடித்தட்டை ஒரு முறை சுரண்டிவிடுங்கள். மேஷின்போது கீழே இறங்கிய மாவு அங்கேதான் படிந்திருக்கும். அது கருகினால் பீரில் தீய்ந்த வாடை ஏறும், கூடவே அதிவெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து ஹீட்டர் நின்றுவிடும். திரை ஒளிரும், பம்ப் ஓடும், சூடு மட்டும் ஏறாது. கருவி போச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அடியில் ஒரு ரீசெட் பொத்தான் இருக்கும். மேஷ் நேரத்தில் குறைந்த வாட் ஹீட்டரை மட்டும் ஓடவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

98 டிகிரி நெருங்கும்போது வோர்ட் பால் பொங்குவதுபோல் பொங்கும். ஹீட்டரைக் குறைத்து, தண்ணீர் தெளித்து அடக்குங்கள். கொதி வந்ததும் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் வேகவைத்த சோள வாடை தரும் சேர்மம் ஆவியாகாமல் உள்ளேயே தங்கிவிடும். 2400 வாட்டில் கொதி நன்றாகவே இருக்கிறது. 110 வோல்ட் இணைப்புக்கென வரும் 1600 வாட் மாடலில் 28 லிட்டரைக் கொதிக்கவைப்பது இழுபறிதான். 20 லிட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ: கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம் உள்ளது 30 கிராம் ஒரு மணி நேரம் கொதித்தால் சுமார் 28 ஐபியூ (கசப்பின் அளவுகோல்) கசப்பு வரும். வாசனைக்கு இன்னொரு 30 கிராம் கடைசி ஐந்து நிமிடத்தில். பொடித்து உருண்டையாக அழுத்திய ஹாப்ஸான பெல்லட்டை அப்படியே கொட்டாமல் வலைக்கூடையில் போடுங்கள். இல்லையென்றால் பம்பின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

வோர்ட்டை ஆறவைக்கக் கூட வரும், குழாய்த் தண்ணீர் ஓடும் எவர்சில்வர் குளிர்ச்சுருள் சுமார்தான். கொதி முடியப் பதினைந்து நிமிடம் முன்பே உள்ளே வைத்தால் கிருமி நீங்கும். தண்ணீரைத் திறந்ததும் சுருளை மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால் ஆறும் நேரம் நன்றாகக் குறையும். குழாய்த் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே எந்தச் சுருளாலும் இறக்க முடியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் இடத்தில் 30 டிகிரி வரை இறக்கி, ஃபெர்மெண்டரை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, 20 டிகிரி வந்த பிறகு ஈஸ்ட் போடுவதே சரி. 1.047க்கு யுஎஸ்-05 ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று, 23 லிட்டருக்குச் சரியாக இருக்கும்.

கழுவுவதில் முழு மதிப்பெண். சோடியம் பெர்கார்பனேட் கரைத்த தண்ணீரை 60 டிகிரியில் பம்ப் வழியே அரை மணி நேரம் சுழலவிட்டால் குழாய்களும் சுத்தமாகும். அடித்தட்டில் எஃகு நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அடுத்த முறை அங்கேயே பிடிக்கும்.

மாதம் ஒரு முறையாவது 20 லிட்டருக்கு மேல் காய்ச்சுபவர்கள் தாராளமாக வாங்கலாம். 10 லிட்டர் போதும் என்பவர்களுக்கு ஒரு பெரிய பாத்திரமும் துணிப்பையும் இதே வேலையைச் செய்யும். இந்தக் கெட்டிலில் அவ்வளவு குறைவாகப் போட்டால் அடியில் நிற்கும் தண்ணீரே மேஷ் கணக்கைக் கெடுத்துவிடும். வாங்கும்போதே கூடைத் தட்டின் சிலிகான் வளையம் ஒன்றும் பம்ப் வடிகட்டி ஒன்றும் கூடுதலாக எடுத்துவிடுங்கள். முதலில் தேய்வதும் தொலைவதும் இவைதான்.