டம்ளரா, பேப்பர் கப்பா, மண் குவளையா?

எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருப்பது அழகுக்காக இல்லை. அண்ணாந்து குடித்துப் பார்த்தால் தெரியும்: காபி மெல்லிய தாரையாகத் தொண்டைக்குள் இறங்கும், வாய் படாது. கீழே டவரா இருந்தால் ஆற்றிக்கொள்ளவும் ஆயிற்று. எச்சில் பார்க்கிற ஊருக்கென்றே அமைந்த பாத்திரம். வருடக்கணக்கில் உழைக்கும், நசுங்கிப்போனால் பழைய பாத்திரக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

பேப்பர் கப்பில் அதே மாதிரி அண்ணாந்து பாருங்கள், சட்டை நனையும். உள்ளே இருக்கும் பாலித்தீன் பூச்சால்தான் டீ ஒழுகுவதில்லை. அதனாலேயே பழைய பேப்பர்காரரும் அதைத் தொடுவதில்லை. 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தடை. டீக்கடைகளைப் பார்த்தால் தெரியாது, அது வேறு.

மண் குவளை வடக்கே பழகிய வழி. குடித்ததும் போட்டு உடைத்துவிட்டால் அடுத்தவர் எச்சில் என்ற பேச்சே இல்லை. 2004இல் ரயில்வே அமைச்சரான லாலு பிரசாத் யாதவ் அதை ரயிலில் கொண்டுவந்தார். மண்ணோடு மண்ணாகிவிடும் என்பார்கள். சுட்ட மண் அவ்வளவு லேசில் கரையாது. கரைந்திருந்தால் கீழடியில் பானை ஓடு கிடைத்திருக்குமா? அப்புறம், சூளைக்கு விறகும் வேண்டும்.

ஊர் வழக்கத்துக்கு ஏற்ற பொருள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். இரட்டைக் குவளையும் ஊர் வழக்கமாகத்தான் இருந்தது. தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த கடைகள் சிலவற்றில், பிற்பாடு அவர்களுக்கு மட்டும் தூக்கிப்போடும் கப் வந்தது. கேட்டால் சுத்தம் என்பார்கள்.

சரி, என் ஓட்டு டம்ளருக்குத்தான், கழுவுகிற விதத்தைப் பார்த்து. ஒரே வாளித் தண்ணீரில் காலையிலிருந்து முக்கி எடுக்கிற கடையில் நானே பேப்பர் கப் கேட்டு வாங்கியிருக்கிறேன். இத்தனைக்கும் பக்கத்திலேயே பாய்லரில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்காரர் டம்ளரைக் குழாயில் கழுவி, அந்த வெந்நீரை ஊற்றிக் கவிழ்த்து வைப்பார். வருகிறவர் யாரானாலும் அந்த வரிசையிலிருந்துதான் எடுப்பார். பார்சல் கேட்டால், "வீட்ல தூக்கு இல்லையாண்ணே?" என்பார்.