நான்கு கதவு ஹெரால்டுக்குச் சாமான் தேடிய மூன்று வருடங்கள்

தாத்தா வாங்கிய 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 அது. அப்பா கார் ஓட்டக் கற்றதும் அதில்தான். பிறகு பதினேழு வருடம் தாம்பரம் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அப்பா ரிட்டயர்டு ஆன மறுமாதம் நானும் அவரும் அதைப் பிரித்துப் போட்டோம். திரும்பப் பூட்டி ரோட்டில் இறக்கி இப்போது இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. 4,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது ஏமாற்றியது என்று சொல்ல இந்த ஓட்டம் போதும்.

முதல் நாலு மாதம் வீணாகப் போனது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி, "ஹெரால்டுக்கு ஸ்பேர் இருக்கா?" என்று கேட்டோம். "அதெல்லாம் எப்பவோ போச்சும்மா" என்ற பதில்தான் எல்லா இடத்திலும். புதுப்பேட்டையில் ஒரு பெரியவர்தான் எங்களைத் திருத்தினார். "வண்டி பேரைச் சொல்லாதீங்க சார். சாமானைக் கையில எடுத்துட்டு வாங்க."

அன்றிலிருந்து கழற்றிய எதையும் நாங்கள் தூக்கி எறியவில்லை. முன் சக்கர பேரிங்கைத் துடைத்தபோது விளிம்பில் நம்பர் தெரிந்தது. அதைப் பாரிமுனையில் ஒரு பேரிங் கடையில் சொன்னோம். என்ன வண்டி என்றுகூடக் கேட்காமல் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் அளந்து சொன்னால் போதும். அப்பா சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் விட்டம் அளக்கும் வெர்னியர் வந்து உட்கார்ந்தது. கரண்ட் சாமானில் எங்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கார் கரண்ட் சாமான் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி பாடியில் இருப்பது சென்னைக்காரர்களுக்குப் பெரிய வரம். பழைய அம்பாசடர் சாமான் விற்கும் கடையில் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்த்தே, எஞ்சினுக்குப் பொறி கொடுக்க உதவும் பாயிண்ட், கண்டன்சர் இரண்டையும் வாங்கிவிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் போல்ட் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். எங்கள் வண்டியில் முன்பு யாரோ அப்படி முறுக்கிய ஐந்து இடங்களை லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இங்கே கிடைக்காததற்கு இங்கிலாந்து. 1959-ல் அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டிதான் 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டானது. அதே முன் சஸ்பென்ஷன் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரிலும் உண்டு. அந்தக் காரை வைத்துப் பராமரிப்பவர்கள் அங்கே ஏராளம் என்பதால், அந்தச் சாமான்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். லிங்கனில் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ் போன்ற கடைகளின் இணையதளத்தில் ஒவ்வொரு பகுதியும் பிரித்துப் போட்ட படமாக, பார்ட் நம்பரோடு இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் இந்த வண்டியையே கற்றுக்கொண்டேன். கூரியரும் கஸ்டம்ஸ் வரியும் சேர்ந்தால் எங்களுக்குச் சாமான் விலை அளவுக்கே வந்தது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே பெட்டியாக வரவழைத்தோம்.

அப்படி வந்ததில் முக்கியமானது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், மரையோடு திருகி நிற்கும் பித்தளைத் துண்டு அது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். எங்கள் வண்டிக்கு வருடக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்கி, இடப்பக்கத் தண்டின் மரை புழு அரித்த மாதிரி குழிகுழியாக இருந்தது. அது முறிந்தால் சக்கரம் மடிந்துவிடும். அந்தத் தண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வண்டியிலதாம்மா உன்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

புதிய ட்ரன்னியன் இரண்டும் வேறொரு இங்கிலாந்துக் கடையிலிருந்து வந்தன. ஒன்று ஏறியது, மற்றது பிடிக்கவே இல்லை. வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடமும் வலமும் எதிரெதிர் மரையாக இருக்க வேண்டும். வந்தவை இரண்டும் ஒரே பக்கத்துக்கு உரியவை. மாற்றி வாங்க ஏழு வாரம் ஆனது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 90 நம்பர் கியர் ஆயிலை, ஓரத்தில் கசியும்வரை அடிக்கிறேன். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. செலவழித்ததில் எனக்கு முழுத் திருப்தி தந்தது இதுதான்.

ரப்பர்தான் எங்களை அழவைத்தது. உள்ளூர்க் கடை ஒன்றில் "ஒரிஜினல்" என்று வாங்கிய சஸ்பென்ஷன் புஷ்கள், அதாவது மூட்டுகளில் அதிர்வை வாங்கும் ரப்பர் வளையங்கள், எட்டே மாதத்தில் வெடித்தன. பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டுப் பார்த்தோம். உழைக்கிறது, ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரிகிறது. அப்பா ஒரு வாரத்தில் கழற்றச் சொல்லிவிட்டார். கடைசியில் அம்பத்தூரில் ஒரு சின்ன ரப்பர் பட்டறையில் அச்சு போட்டோம். குறைந்தது நாற்பது எண்ணம் என்றார்கள். ஹெரால்டு வைத்திருக்கும் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு செலவைப் பங்கிட்டோம். ஒன்றரை வருடமாக ஒரு கீறல் இல்லை. அச்சு இப்போது எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

இங்கிலாந்திலும் கிடைக்காதது ஒன்று உண்டு. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்தது. அங்கே இரண்டு கதவுதான். ஆக, பின்கதவுக்கு உலகத்தில் எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. உடைக்கப்போன வண்டியில் தேட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒருவரிடம் வலப்பக்கப் பின்கதவின் பீடிங் சட்டம் கிடைத்தது. பணம் வாங்க மறுத்தார், எங்களிடம் உபரியாக இருந்த கார்புரேட்டரைக் கொடுத்தோம்.

இடப்பக்கப் பின்கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின்தான் இன்னும் பாக்கி. பல் தேய்ந்துவிட்டது. வலப்பக்கத்து மெஷினைக் கழற்றி, பல்லுக்குப் பல் அளந்து, அப்பா படம் வரைந்திருக்கிறார். போன வாரம் அதை லேத்துக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். அதுவரை கண்ணாடிக்கு ஒரு மரத்துண்டு முட்டுக் கொடுத்திருக்கிறது.